தறி நின்ற பிறகும் நிற்காத சத்தம்: காதில் துடிப்பு கேட்ட ஒருவரின் நிகழ்வு ஆய்வு

ஈரோடு வட்டாரத்தில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவமனையில் ஆடியோலஜிஸ்டாக வேலை பார்க்கிறேன். காது எவ்வளவு கேட்கிறது என்று சோதித்து ஆடியோகிராம் போட்டுக் கொடுப்பது என் வேலை. இந்த நிகழ்வில் முதல் முறை நான் தவறவிட்டேன். இரண்டாவது முறை பிடித்தோம். நடுவில் போன இரண்டு மாதத்தில் அந்தப் பெண்ணின் பார்வையில் கொஞ்சம் போய்விட்டது, அதனால்தான் நடந்ததை முழுசாக எழுதி வைக்கிறேன். அவரிடம் கேட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகே எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில குடும்ப விவரங்களை மாற்றியிருக்கிறேன், மருத்துவ விவரம் எதையும் மாற்றவில்லை.

பின்னணி

அவருக்கு வயது 34. இரண்டு பிள்ளைகள், சின்னவனுக்கு மூன்று வயது. வீட்டுக்கு எதிரிலும் பின்னாலும் விசைத்தறிப் பட்டறைகள். பிறந்த வீடும் தறி வீடுதான் என்பதால் அந்தச் சத்தத்திலேயே தூங்கிப் பழகியவர். சின்னவன் பிறந்த பிறகு உடம்பு ஏற ஆரம்பித்து, அதிலும் கடைசி ஒரு வருடத்தில் மட்டும் ஒன்பது கிலோ ஏறியிருந்தது. மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகம், அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அடிக்கடி தலைவலி, அதற்கு மெடிக்கல் கடை மாத்திரை.

சத்தம் எப்போது ஆரம்பித்தது என்று அவருக்கே தெரியாது. தெரிய வந்தது தீபாவளிக்குத் தறிகளுக்கு லீவு விட்ட வாரத்தில். தெருவே அடங்கியிருந்த ஒரு ராத்திரி, படுத்த பிறகு, வலது காதில் மட்டும் எங்கோ தூரத்தில் ஒரு தறி ஓடிக்கொண்டிருந்தது. "ஏனுங்க, யாரு பட்டறைலீங்க இன்னும் ஓட்டறாங்க?" என்று கணவரை எழுப்பிக் கேட்டிருக்கிறார். அவர் கதவைத் திறந்து தெருவில் நின்று பார்த்துவிட்டு, எங்கேயும் ஓடவில்லை, படு என்று சொல்லிவிட்டார். இவர் தலையணையை மாற்றிப் போட்டுப் படுத்தார், காதைப் பொத்தினார், பொத்தியதும் சத்தம் இன்னும் கூடியது. அப்போதுதான் அது வெளியே இல்லை, தனக்குள்ளே இருக்கிறது என்று புரிந்ததாம். அந்த ஒரு நிமிடத்தைச் சொல்லும்போது, எல்லாம் சரியான பிறகும்கூட, அவர் குரல் இறங்கிவிடும்.

அதற்கப்புறம் பயம். மொபைலில் தேடினால் மூளையில் ரத்தக்குழாய் வெடிப்பது, கட்டி என்றெல்லாம் வருகிறது. ஒரு துடிப்பு தவறினால் செத்துவிடுவோம் என்ற நினைப்பில் ராத்திரி முழுக்க எண்ணிக்கொண்டே கிடந்திருக்கிறார். பிரஷர் பார்க்கும் மெஷின் வாங்கி ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை பார்த்தார். நகைக்கடன் எங்கே இருக்கிறது, பெரியவளின் ஸ்கூல் ஃபீஸ் எந்தத் தேதி, சீட்டுப் பணம் யாரிடம் என்று ஒரு நோட்டில் எழுதி அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்ததைக் கணவர் பிற்பாடுதான் பார்த்தார். மாமியார் திருஷ்டி சுற்றிப் போட்டார். உள்ளூர் டாக்டர் பிரஷர் பார்த்து (130/84), காதில் விடச் சொட்டு மருந்தும் தூக்கத்துக்கு ஒரு மாத்திரையும் கொடுத்தார்.

முதல் முறை வந்தபோது

டிசம்பர் முதல் வாரம் எங்களிடம் வந்தார். பதிவுச் சீட்டில் "காதில் இரைச்சல், வலது, ஒரு மாதம்" என்று இருந்தது. எங்கள் ஓபியில் இந்த மூன்று சொல்லோடு தினமும் நாலைந்து பேராவது வருகிறார்கள், பெரும்பாலும் தறிக்காரர்கள், ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், இடைவிடாமல் ஙொய் என்று கேட்கிறது என்பார்கள். சத்தத்தில் வேலை பார்த்துக் காது நரம்பு தேய்ந்ததால் வருவது அது. இவரையும் அந்த வரிசையிலேயே வைத்துவிட்டேன்.

காதில் அழுக்கு இல்லை, செவிப்பறை நன்றாக இருந்தது, நடுக்காது அழுத்தம் இயல்பு. ஆடியோகிராமில் இடது காது சுத்தம். வலது காதில் மேல் அலைவரிசைகள் எல்லாம் சரி, கீழே 250, 500 ஹெர்ட்ஸில் மட்டும் 30 டெசிபல் காட்டியது, அதாவது அவ்வளவு சத்தமாக வைத்தால்தான் கேட்டது. 25 வரை இயல்பு என்று எடுத்துக்கொள்வோம், ஐந்து டெசிபல் ஒரு பெரிய விஷயமில்லை. தவிர, அன்றைக்குக் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் உறுமல் கீழ் அலைவரிசையில்தான் விழும், அறைக்குள் கசிந்திருக்கும் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். ஆனால் ஜெனரேட்டர் சத்தம் கசிந்திருந்தால் இடது காதிலும் அல்லவா காட்டியிருக்க வேண்டும்? அந்தக் கேள்வியை அப்போது நான் கேட்டுக்கொள்ளவில்லை.

"என்ன மாதிரி சத்தம்மா?" என்று கேட்டேன். "தறி ஓடற மாதிரிங்க மேடம்" என்றார். தறி ஊரில் இருப்பவர் தறி மாதிரி என்கிறார், சரி, சத்தத்தால் வந்ததுதான் என்று எழுதிவிட்டேன். அவர் சொன்னது சத்தத்தின் வகையை அல்ல, அதன் தாளத்தை. தறி விட்டு விட்டு, ஒரே சீராக அடிக்கும். இதயமும் அப்படித்தான். இரைச்சல் தொடர்ச்சியாக இருக்கிறதா, துடிக்கிறதா என்று இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் அன்றைக்கே எல்லாம் திரும்பியிருக்கும்.

டாக்டரும் பார்த்தார். பயப்பட ஒன்றுமில்லை, ஃபேனைப் போட்டுக்கொண்டு தூங்குங்கள், கவலையைக் குறைத்தால் சத்தமும் குறையும், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பினோம். சாதாரண இரைச்சலுக்கு இது நல்ல ஆலோசனைதான், இவருக்குத்தான் பொருந்தவில்லை. பயத்தால் சத்தம் என்று நாங்கள் சொன்னோம். உண்மையில் அந்தப் பயம் சத்தத்தால் வந்தது.

இடையில் நடந்தது

மார்கழி பிறந்தது. விடியற்காலையில் வாசலில் பெரிய கோலமாகப் போடுவார். குனிந்து புள்ளி வைத்துவிட்டு நிமிரும்போது கண் முன்னால் சாம்பல் நிறத்தில் திரை விழுந்த மாதிரி இருட்டி, நாலைந்து நொடியில் தெளிந்துவிடும். முதலில் வாரத்துக்கு ஒருமுறை, அப்புறம் தினமும். சாப்பிடாமல் குனிந்து எழுந்தால் யாருக்கும் வருவதுதான் என்று அவரும் வீட்டாரும் நினைத்துக்கொண்டார்கள். தலைவலி கூடியதால் ஒரு கண்ணாடிக் கடையில் கண்ணைச் சோதித்துக்கொண்டார். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரைக்கும் படித்தார், 6/6, பவர் எதுவும் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ஆக மூன்று இடத்தில் "ஒன்றுமில்லை" கிடைத்துவிட்டது. அப்படிக் கிடைத்த பிறகு ஒருவர் தன் உடம்பையே சந்தேகப்படுவதை விட்டுவிட்டுத் தன் மனசைச் சந்தேகப்பட ஆரம்பித்துவிடுகிறார். தனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்று அவர் அம்மாவிடம் அழுதது அந்த நாட்களில்தான்.

இரண்டாம் வருகை

பிப்ரவரி நடுவில் திரும்ப வந்தார், சொன்ன தேதிக்கு முன்பாகவே. இந்த முறை கணவர் பேசினார். "மேடம், ராத்திரி அவ விரல்ல கட்டிலைத் தட்டிட்டே இருக்கறாளுங்க, கேட்டா சத்தம் இப்படித்தான் வருதுங்கறா" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவரை உட்கார வைத்து, இப்போது காதில் எப்படிக் கேட்கிறதோ அப்படியே மேஜையில் தட்டுங்கள் என்றேன். வலது கை ஆள்காட்டி விரலால் தட்ட ஆரம்பித்தார். அவருடைய இடது மணிக்கட்டை நான் பிடித்துக்கொண்டேன். என் விரலுக்கடியில் நாடி அடிக்கும்போதெல்லாம் மேஜையில் அவர் விரல் விழுந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை. சந்தேகத்துக்கு இரண்டு மாடி ஏறி இறங்கி வரச் சொன்னேன். மூச்சிறைக்க வந்து உட்கார்ந்து தட்டினார். தட்டு வேகமாகியிருந்தது, நாடியும்.

அது அவருடைய இதயத் துடிப்பேதான். அதை அவரிடம் சொன்னதும் பயப்படுவார் என்று நினைத்தேன், ஆனால் "அப்ப நெசமாலுமே சத்தம் இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டு அழுதுவிட்டார்.

டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் வலது பக்கக் கழுத்தில், காதுக்குக் கீழே, பெரிய ரத்தநாளம் ஓடும் இடத்தில் இரண்டு விரலால் மெல்ல அழுத்தினார். உடனே நின்றுவிட்டது. விரலை எடுத்ததும் வந்தது. தலையை வலது பக்கம் திருப்பினால் குறைந்தது, இடது பக்கம் திருப்பினால் கூடியது. (இதை வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம். அழுத்தமாகப் பிடித்தாலோ, வயதானவர்களுக்கோ, தமனியில், அதாவது இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாயில், படிந்திருக்கும் கொழுப்பால் ஆபத்து உண்டு.) இப்படி மெல்லிய அழுத்தத்துக்கே நிற்கிறது என்றால் சத்தம் பெரும்பாலும் சிரையிலிருந்து, அதாவது இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் குழாயிலிருந்து வருகிறது, தமனியிலிருந்து அல்ல. மூளையிலிருந்து ரத்தத்தை இறக்கிக் கொண்டுவரும் பெரிய சிரை காதுக்குப் பின்னாலுள்ள எலும்பை ஒட்டி வளைந்து, நடுக்காதுக்கு அடியில் வந்து கழுத்துக்கு இறங்குகிறது. அங்கே ரத்தம் சுழித்து ஓடினால், பக்கத்தில் இருக்கும் காது அதைக் கேட்டுவிடும். ஸ்டெதாஸ்கோப்பைக் காதுக்குப் பின்னாலும் கழுத்திலும் வைத்துக் கேட்டார், வெளியே எதுவும் கேட்கவில்லை. செவிப்பறைக்குப் பின்னால் சிவப்பாக எதுவும் தெரிகிறதா என்று திரும்பப் பார்த்தார், இல்லை.

அப்புறம் நான் ஆடியோகிராமைத் திரும்ப எடுத்தேன். வலது காதில் 250, 500 ஹெர்ட்ஸில் அதே 30. டாக்டர் கழுத்தை மெல்ல அழுத்திப் பிடித்திருக்க, அதே இரண்டு அலைவரிசையை மறுபடி சோதித்தேன். 15க்கு வந்துவிட்டது. அவருக்குக் காது கேளாமை இருந்ததே இல்லை. உள்ளே ஓடும் ரத்தத்தின் சத்தம் என் மெஷினின் மெல்லிய கீழ் ஒலிகளை மூழ்கடித்திருக்கிறது. டிசம்பரில் நான் ஜெனரேட்டர் மேல் போட்ட பழி அது.

எங்கே நிறுத்தப் பார்த்தோம்

ரத்தப் பரிசோதனை ஒரு மணி நேரத்தில் வந்தது. ஹீமோகுளோபின் 9.2. பெண்களுக்கு 12க்குக் கீழே போனால் ரத்தசோகை. ரத்தம் நீர்த்திருந்தால் இதயம் வேகமாகத் தள்ளும், சிரையில் சலசலப்பு கூடும், காதில் துடிப்பு கேட்கும், இது பாடப் புத்தகத்தில் உள்ள காரணம். தைராய்டு இயல்பு. காரணம் கிடைத்துவிட்டது, இரும்பு மாத்திரை எழுதி அனுப்பலாம் என்ற இடத்துக்கு நாங்கள் வந்துவிட்டோம், இதை மறைக்க விரும்பவில்லை.

டாக்டர்தான் பேனாவை எடுத்துவிட்டுக் கீழே வைத்தார். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டு பேரில் ஒருவருக்கு இருக்கும் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு, இதுதான் காரணம் என்று கோப்பை மூடுவது எவ்வளவு சுலபம்! "ஹீமோகுளோபின் ஒன்பது இருக்கற எல்லாருக்கும் காதுல தறி ஓடறதில்லையே" என்றார். பிறகு அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார், கண் எப்படிம்மா இருக்கு என்று. கோலம், சாம்பல் திரை, எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. காது டாக்டரிடம் கண்ணைப் பற்றி எதற்குச் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டாராம். அதில் அவர் தப்பு எதுவும் இல்லை.

இளவயதுப் பெண், சமீபத்தில் ஏறிய உடல் எடை, தலைவலி, துடிப்போடு சேர்ந்த சத்தம், குனிந்து எழுந்தால் சில நொடி பார்வை மங்கல். இவை சேர்ந்தால் மண்டைக்குள் நீரழுத்தம் கூடியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். கட்டி எதுவும் இல்லாமலேயே மூளையைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தம் ஏறிவிடும் ஒரு நிலை இது. அந்த அழுத்தம் பார்வை நரம்பை நசுக்கும். அன்றைக்கே, நாளைக்கு என்று தள்ளாமல், கண் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்து, டாக்டரே போனிலும் பேசினார்.

கண், ஸ்கேன், முதுகு ஊசி

சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்துப் பார்த்ததில் இரண்டு கண்ணிலும் பார்வை நரம்பின் தலைப்பகுதி வீங்கியிருந்தது, வலது கண்ணில் கூடுதல். எழுத்துப் பலகையில் அப்போதும் 6/6தான். ஆனால் ஃபீல்டு டெஸ்டில், அதாவது நேராகப் பார்த்துக்கொண்டே ஓரங்களில் மின்னும் புள்ளிகளுக்கு பட்டனை அழுத்தும் சோதனையில், வலது கண்ணில் மூக்குப் பக்கம் கீழ்மூலையில் ஒரு துண்டு காணவில்லை. நடுப் பார்வை கடைசியில்தான் போகும், ஓரம்தான் முதலில் கரையும். கண்ணாடிக் கடைப் பலகையில் அது தெரியவே தெரியாது.

எம்ஆர்ஐ ஸ்கேனும், மூளையின் சிரைகளுக்கான தனி ஸ்கேனும் எடுத்தார்கள். இரண்டாவது மிக முக்கியம், ஏனென்றால் சிரையில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தாலும் இதே அறிகுறிகள் வரும், அதற்கு வைத்தியம் முற்றிலும் வேறு. உறைவு இல்லை, கட்டி இல்லை. இரண்டு பக்கமும் பெரிய சிரை ஓரிடத்தில் ஒடுங்கியிருந்தது. மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தட்டையாகியிருந்தது. இரண்டுமே உயர்ந்த அழுத்தத்தோடு வருபவை.

ஸ்கேனில் ஆபத்து இல்லை என்று பார்த்த பிறகே முதுகில் ஊசி போட்டு நீரழுத்தத்தை அளந்தார்கள். முதுகு ஊசி என்றதும் கால் விளங்காமல் போய்விடும் என்று குடும்பமே மறுத்தது. நரம்பியல் டாக்டர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, ஊசி நுழையும் இடத்தில் தண்டுவடமே இல்லை, அது அதற்கு மேலேயே முடிந்துவிடுகிறது என்று படம் வரைந்து காட்டினார். அதற்குப் பிறகு அத்தை, அதாவது மாமியார்தான் முதலில் தலையாட்டினார். பெரியவர்களுக்கு 25 செ.மீ. நீர் அளவு வரை இயல்பு. இவருக்கு 34. கொஞ்சம் நீரை வெளியே எடுத்தார்கள். அன்று ராத்திரி நான்கு மாதத்தில் முதல்முறையாகக் காது அமைதியாக இருந்தது. மூன்றாம் நாள் சத்தம் திரும்பிவிட்டது, ஆனால் எதனால் என்று இப்போது தெரியும் என்பதால் அவர் பயப்படவில்லை.

பிறகு

அசெட்டாசோலமைடு மாத்திரை காலை மாலை 500 மி.கி. ஆரம்பித்து, பிறகு கூட்டினார்கள். அந்த நீர் சுரப்பதைக் குறைக்கும் மருந்து இது. விரல் நுனிகளில் எறும்பு ஊர்வது போல் இருந்தது, சோடா குடித்தால் இரும்பு ருசி அடித்தது. இப்படி வரும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் மாத்திரையை நிறுத்தவில்லை. அவ்வப்போது ரத்தத்தில் உப்புக்களைப் பார்த்துக்கொண்டார்கள். ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை, கூடவே மாதவிலக்குக்கு மகளிர் மருத்துவரிடம் தனி வைத்தியம்.

உடல் எடைதான் கஷ்டமான பகுதி. 82 கிலோ இருந்தார். மொத்த எடையில் ஐந்து முதல் பத்து சதவீதம் குறைந்தாலே இந்த அழுத்தம் நன்றாக இறங்கும் என்பதால், "ஒல்லியாக வேண்டாம்மா, ஏழு கிலோ போதும்" என்று ஓர் எண்ணைக் கையில் கொடுத்தார்கள். உடம்பைக் குறை என்று போகிற போக்கில் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல். ராத்திரி சோற்றை நிறுத்தி, தறிப்பட்டறைத் தெருவில் கணவரோடு தினமும் முக்கால் மணி நேரம் நடந்தார். எட்டு மாதத்தில் 75க்கு வந்தார்.

ஆறாவது வாரத்தில் கண் இருட்டுவது நின்றது. மூன்றாம் மாதம் சத்தம் படுக்கும்போது மட்டும், அதுவும் லேசாக. எட்டாம் மாதம் நரம்பு வீக்கம் முழுதாக வடிந்திருந்தது, ஹீமோகுளோபின் 12.1, மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார்கள். என்னிடம் வந்து எடுத்த ஆடியோகிராமில் வலது காதும் இடது காதும் ஒரே கோட்டில். ஆனால் வலது கண்ணின் கீழ்மூலையில் இருந்த இழப்பு பாதிதான் மீண்டது. மீதி அப்படியே இருக்கிறது. அன்றாடத்தில் தெரிவதில்லை, ஸ்கூட்டர் ஓட்டும்போது தலையைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். டிசம்பரிலேயே அனுப்பியிருந்தால் அந்தத் துண்டு இருந்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். இருந்திருக்கலாம் என்றார்.

எதை மாற்றியிருக்கிறோம்

எங்கள் பதிவுச் சீட்டில் "காதில் இரைச்சல்" என்ற வரிக்குக் கீழே பேனாவால் ஒரு வரி சேர்த்தோம், இப்போது அச்சிலேயே இருக்கிறது: "தொடர்ச்சியா, துடிப்பா?" பதில் தெரியாதவர்களை மேஜையில் தட்டச் சொல்லி நாடியைப் பிடித்துப் பார்க்கிறோம். ஒரு நிமிட வேலை, மெஷின் வேண்டாம். துடிப்பு என்று வந்தால் ரத்தப் பரிசோதனையோடு கண் நரம்பையும் அதே வாரத்தில் பார்க்கச் சொல்கிறோம், பார்வை மங்கல் இருந்தால் அதே நாளில். ஒரு பக்கம் மட்டும் துடித்தால், காதில் எதுவும் தெரியாவிட்டாலும், ரத்தநாளங்களுக்கான ஸ்கேன் பற்றி டாக்டர் முடிவெடுக்காமல் அனுப்புவதில்லை.

எல்லோருக்கும் இப்படிப் பெரிய காரணம் இருந்துவிடாது. அதற்குப் பிறகு துடிப்போடு வந்தவர்களில் ஒருவருக்குக் காதுக் குறும்பிதான் அடைத்திருந்தது, எடுத்ததும் போய்விட்டது. இன்னொருவருக்கு நடுக்காதில் சளி. வெளிச்சத்தம் உள்ளே வராமல் அடைபட்டால் உடம்பின் சொந்தச் சத்தம் பெரிதாகக் கேட்கும், அவ்வளவுதான். இவர்களிடம் ஒன்றுமில்லை என்று சொல்லும்போது எதை எதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அவர் போன தீபாவளிக்கு, தறி லீவு வாரத்தில், பட்சணத்தோடு வந்திருந்தார். லீவு விட்ட முதல் ராத்திரி ஃபேனை நிறுத்திவிட்டு, வலது காதை மேலே வைத்துப் படுத்து, கொஞ்ச நேரம் கேட்டுப் பார்த்தாராம். மாதத்துக்கு ஒருமுறை இப்படிப் பார்க்கலாமா, தப்பா என்று கேட்டார். பாருங்கள், சத்தம் வந்தால் என்னிடம் வர வேண்டாம், நேராகக் கண் மருத்துவமனைக்குப் போங்கள் என்றேன். அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்த அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதை எழுதிக்கொண்டார்.